உடையின் கோடு: பாரிஸ் ஃபேஷனும் ஒளிப்படமும், 1911–1958

உடை வடிவமைப்பில் கோடு என்ற சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. உடுத்தியவரின் உருவத்தைச் சுற்றி ஓடும் வெளிக்கோடு ஒன்று. தையல், மடிப்பு, கொசுவம், விளிம்பு ஆகியவை உடைக்குள்ளே வரைகின்ற கோடு இன்னொன்று. துணியில் நெய்தோ அச்சிட்டோ வரும் பட்டைக் கோடு மூன்றாவது. ஒளிப்படக் கலையிலும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆனால் உண்மையில் ஒளிப்படத்தில் கோடு என்று ஒன்று கிடையாது. ஓவியர் பென்சிலால் இழுப்பது கோடு. ஒளிப்படத்தில் இருப்பவை வெளிச்சமும் நிழலும்தான். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையைக் கண் கோடாக எடுத்துக்கொள்கிறது. கறுப்புச் சுவரின் முன்னே கறுப்பு உடை அணிந்தவர் நின்றால், தையற்காரர் எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும் அந்த வெளிக்கோடு படத்தில் வராது.

உடையிலும் கோடு தானாக நிற்பதில்லை. எலும்பு, இரும்பு, நூல், விளக்கு, ரீடச்சிங் தூரிகை என்று ஏதேனும் ஒன்று அதைத் தாங்கியாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் நகரத்தில் அந்தச் சுமை எங்கிருந்து எங்கே மாறியது, அதில் ஒளிப்படத்தின் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஹோகார்த்தின் நான்காவது கச்சு

கோட்டையும் உடையையும் சேர்த்து எழுதிய பழைய நூல்களில் குறிப்பிடத்தக்கது, ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1753இல் வெளியிட்ட 'அழகின் பகுப்பாய்வு'. நேர்க்கோட்டைவிட, பாம்புபோல் மெல்ல வளைந்து செல்லும் கோடே கண்ணுக்கு இனியது என்பது அவர் வாதம். அதை விளக்க அவர் சிலைகளோடு நாற்காலிக் கால்களையும் பெண்களின் கச்சுகளையும் வரைந்து காட்டினார். திமிங்கில எலும்புப் பட்டைகள் வைத்துத் தைத்த ஏழு கச்சுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு முனையில் விறைப்பு, மறு முனையில் மிகையான வளைவு. நடுவில் உள்ள நான்காவதே சரியான கோடு என்று அவர் தீர்ப்பளித்தார்.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏழு கச்சுகளுக்குள்ளும் உடம்பு இல்லை. கோடு முதலில் தீர்மானமாகிறது, அதற்குள் போக வேண்டியவர் பிறகு வருகிறார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு ஐரோப்பியப் பெண் உடையின் கதை பெரும்பாலும் இதுதான். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் வழக்கிலிருந்த கோர்செட் முன்புறம் நேரான கட்டையுடன் மார்பை முன்னும் இடுப்பை பின்னும் தள்ளி, பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில 'எஸ்' எழுத்துப் போன்ற உருவத்தைத் தந்தது. அந்தக் கோட்டைத் தாங்கியது முதுகெலும்பு.

பட்டைக் கோட்டைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். நெடுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும், குறுக்குக் கோடு பருமனாகக் காட்டும் என்று தையல் வகுப்புகளில் விதிபோலச் சொல்லித் தருகிறார்கள். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இல் நிறைவு செய்த ஒளியியல் நூலில் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கூறியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரு சதுரங்களில் குறுக்குக் கோடுகள் நிரம்பியது உயரமாகவும் ஒடுங்கியும் தெரிகிறது என்று காட்டியதுடன், பெண்களின் குறுக்குப் பட்டை உடைகளுக்கும் இது பொருந்தும் என்றார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனையிலும் குறுக்குக் கோடு பருமனாகக் காட்டவில்லை. பாடநூல் விதி இன்னும் மாறவில்லை.

ஓவியத்துக்குப் பின்னால் நின்ற ஒளிப்படம்

ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஃபேஷன் இதழ்கள் ஓவியங்களையே நம்பியிருந்தன. அச்சு ஒரு காரணம்: ஒளிப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து எழுத்துகளோடு சேர்த்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை 1880களுக்குப் பிறகுதான் பரவியது. பழைய தகடுகளின் நிறக் குறைபாடு இன்னொரு காரணம். அவை நீலத்தை வெளுப்பாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் பதிவு செய்தன. சிவப்பு உடையில் கறுப்பு நாடா வைத்துத் தைத்திருந்தால் படத்தில் அந்த நாடா காணாமல் போகும். இவற்றைவிட முக்கியமான காரணம், ஓவியர் இடுப்பை ஒடுக்கிக் கால்களை நீட்டித் தருவார் என்பதே. ஒளிப்படக் கருவிக்கு அந்த வசதி அப்போது இல்லை.

ஃபேஷனுக்கு வெளியே ஒருவர் இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் தீர்த்தார். பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியன்-ஜூல் மாரே 1880களின் தொடக்கத்தில் பாரிஸில் மனித நடையை ஆராய்ந்துகொண்டிருந்தார. நடப்பவரை ஒரே தகட்டில் பல நொடிகளில் பதிவு செய்தபோது உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. எனவே உடல் முழுவதும் மூடும் கறுப்பு உடையைத் தைத்து, கை கால்களின் நெடுகிலும் மினுங்கும் வெள்ளைப் பட்டைகளை மட்டும் ஒட்டி, கறுப்புப் பின்னணியின் முன்னே நடக்க வைத்தார். உடம்பு மறைந்து கோடுகள் மட்டும் தகட்டில் பதிந்தன. ஒளிப்படத்தில் கோடு வருவதற்காகவே தைக்கப்பட்ட உடை என்று இதைச் சொல்லலாம். இன்று திரைப்பட அசைவுப் பதிவில் நடிகர்கள் அணியும் குறியிட்ட உடை இதன் வழிவந்தது.

புவாரே, ஸ்டைகன், டி மேயர்

'எஸ்' வடிவக் கோர்செட்டைக் கைவிட்டு, மார்புக்குக் கீழிருந்து நேராக விழும் உடைகளை 1906 முதல் கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்றவர் போல் புவாரே. தன் உடைகளின் விளம்பரத்தை அவர் முதலில் ஓவியர்களிடம்தான் கொடுத்தார். 1908இல் போல் இரிப், 1911இல் ஜார்ஜ் லெபாப் ஆகியோர் வரைந்த இரண்டு படத்தொகுப்புகளிலும் தட்டையான நிறங்களும் மெல்லிய தெளிவான கோடுகளும் இருந்தன. புவாரே பெண்ணுடலை விடுவித்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. 1910இல் கணுக்காலை நெருக்கி, சிற்றடி வைத்தே நடக்க முடிகிற பாவாடையைக் கொண்டுவந்தவரும் அவரே. மார்பை விடுவித்துக் கால்களுக்கு விலங்கிட்டேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்.

1911 ஏப்ரலில் 'ஆர் எ தெகோராசியோன்' என்ற பாரிஸ் இதழ் புவாரேயின் உடைகளை எட்வர்ட் ஸ்டைகன் எடுத்த 13 ஒளிப்படங்களாக வெளியிட்டது. முதல் உண்மையான ஃபேஷன் ஒளிப்படங்கள் இவையே என்று ஸ்டைகன் உரிமை கொண்டாடினார். இதை அப்படியே ஏற்க முடியாது. செபெர்ஜே சகோதரர்கள் 1909 முதலே குதிரைப் பந்தயத் திடல்களில் புது உடை அணிந்து வந்தவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் உடையை ஒரு விற்பனைப் பொருளாகக் காட்டாமல் ஒரு படத்தின் கருவாக எடுத்ததில் ஸ்டைகனுக்கு இடமுண்டு. அந்தப் படங்களின் குறை, அவற்றின் மங்கல்தான். ஓவியம்போலத் தெரிய வேண்டும் என்று விளிம்புகளைக் கரைத்ததில் புவாரேயின் கோடு கரைந்துபோனது. லெபாப்பின் ஓவியத்தையும் ஸ்டைகனின் படத்தையும் அருகருகே வைத்தால் அந்த ஆண்டின் வெற்றி ஓவியருக்கே.

அடுத்து வந்த அடால்ஃப் டி மேயர் அமெரிக்க 'வோக்' இதழுக்காக 1913இலிருந்து படமெடுத்தார். அவரும் மென்மையான குவியத்தையே விரும்பினாலும் ஒரு வழியைக் கண்டுகொண்டார்: விளக்கை உடுத்தியவரின் பின்னால் வைப்பது. பின்னொளி தலைமுடியிலும் தோளிலும் பாவாடை விளிம்பிலும் ஒரு வெள்ளிக் கோட்டை இழுத்தது. கோர்செட் செய்த வேலையை விளக்கு செய்யத் தொடங்கியது இங்கேதான். 1923இல் அதே நிறுவனத்தின் தலைமை ஒளிப்படக் கலைஞராகச் சேர்ந்த ஸ்டைகனும் மங்கலைக் கைவிட்டு, மின்விளக்குகளால் கூர்மையான விளிம்புகளை உருவாக்கினார்.

வியோனே: நூல் தாங்கிய கோடு

மதலேன் வியோனே (1876–1975) சிறுமியாகவே தையலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1912இல் பாரிஸில் சொந்தத் தையலகம் தொடங்கினார். போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. மீண்டும் திறந்தபின், 1923 முதல் மோந்தேன் அவென்யூவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவர் தாளில் வரைந்து வடிவமைப்பவர் அல்லர். ஏறத்தாழ 80 செ.மீ. உயரமுள்ள மரப்பொம்மைமேல் துணியைச் சுற்றியும் குத்தியும் பார்த்து முடிவுசெய்தபின் முழு அளவில் வெட்டச் சொல்வார்.

அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுவது குறுக்கு வெட்டு. நம் ஊர்த் தையற்காரர்கள் 'கிராஸ் கட்' என்று சொல்வது இதைத்தான். துணியில் பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடுகின்றன. வழக்கமாக வெட்டும்போது பாவு நூல் தரையை நோக்கி நேராகத் தொங்கும். நூல் நீளாது, அதனால் துணியும் நீளாது, உடம்பின் வளைவுக்கு ஏற்ப டாட் பிடித்துத் தைக்க வேண்டும். துணியை 45 பாகை சாய்த்து வெட்டினால் நிலைமை மாறுகிறது. எடையை எந்த நூலும் தனியாகத் தாங்குவதில்லை. பாவும் ஊடையும் சேரும் ஒவ்வொரு முடிச்சும் கத்திரிக்கோலின் அச்சுபோல் சற்றுத் திரும்புகிறது. துணி கீழ்நோக்கி நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி, உடம்பைத் தானாகத் தழுவுகிறது. ரவிக்கையின் முன்பாகத்தைக் கிராஸாக வெட்டச் சொல்லும் காரணமும் இதுவே.

இந்த முறை வியோனேக்கு முன்பும் இருந்தது. காலர், ஓரப்பட்டை போன்ற சிறு துண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். முழு உடையையும் அப்படி வெட்டுவது வேறு வேலை. மிகையாக முறுக்கிய நூலால் நெய்த கிரேப் துணி வேண்டும், அதுவும் வழக்கத்தைவிட அகலமாக வேண்டும். அதற்காக ஆலைகளில் தனியாகச் சொல்லி நெய்யவைத்தார். வெட்டிய துணியைத் தொங்கவிட்டுத் தன் எடையிலேயே நீள விட்ட பிறகே கீழ்விளிம்பைச் சமன் செய்ய முடியும். அவசரப்பட்டால் உடுத்திய சில நாளில் விளிம்பு கோணலாகிவிடும். உள்ளே எலும்புப் பட்டை இல்லை, இரும்பு இல்லை. அசையும்போது கோடும் அசைகிறது. வியோனேயின் உடையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் அது ஒரு துணிக்குவியலாகத்தான் இருக்கும். உடம்பு உள்ளே வந்தால்தான் கோடு பிறக்கும். ஹோகார்த்தின் வெற்றுக் கச்சுகளோடு ஒப்பிட்டால் இதன் பெருமை புரியும்.

ஆனால் உடுத்தும்வரை இல்லாத ஒரு கோட்டை எப்படித் தன் சொத்து என்று நிரூபிப்பது? பாரிஸ் உடைகளை நகலெடுத்து விற்பது அன்று பெருந்தொழில். வியோனே ஒவ்வொரு உடையையும் அணிந்த பெண்ணை மூன்று பக்கக் கண்ணாடியின் முன்னே நிற்கவைத்து, முன்புறம், பக்கம், பின்புறம் மூன்றும் தெரியும்படி படமெடுத்து எண்ணிட்டு ஆல்பங்களில் ஒட்டி உரிமைச் சான்றாக வைத்தார். அசலான உடைகளில் தைத்த பெயர்த்துணியில் தன் பெருவிரல் ரேகையையும் பதித்தார். 1952இல் அவர் தன் உடைகளையும் இந்த ஆல்பங்களையும் பிரான்சின் உடைக்கலை அமைப்பு ஒன்றுக்குக் கொடையளித்தார். வியோனேயின் வெட்டு முறையை ஆராய்பவர்களுக்கு இன்று அவை பெரும் துணை. எந்த அலங்காரமும் இல்லாத இப்படங்கள், வோக் இதழில் வந்த பல புகழ்பெற்ற படங்களைவிடக் கோட்டைப் பற்றி அதிகம் சொல்கின்றன என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

புகழ்பெற்றவற்றிலும் விதிவிலக்கு உண்டு. ஜார்ஜ் ஹோய்னிங்கன்-ஹூனே 1931இல் வியோனேயின் உடைகளை வோக் இதழுக்காகக் கறுப்புப் பின்னணியில் படமெடுத்தார். வெளிர் நிறத் துணி கிரேக்கப் புடைப்புச் சிற்பத்தின் மடிப்புகள்போலப் பறக்கிறது. மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு கோடாகத் தெரியும்படி ஒளி விழுகிறது. அதே கலைஞர் 1930இல் எடுத்த 'நீச்சல் வீரர்கள்' படத்தில் நீச்சலுடை அணிந்த இருவர் நமக்கு முதுகு காட்டி அமர்ந்து கடலின் தொடுவானத்தைப் பார்க்கிறார்கள். அங்கே கடல் இல்லை. பாரிஸில் வோக் படப்பிடிப்பகத்தின் மொட்டைமாடி அது. தொடுவானமாகத் தெரியும் கோடு மாடியின் கைப்பிடிச் சுவர். குவியம் தவறிய ஒரு விளிம்பு கண்ணை எவ்வளவு எளிதாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விடுகிறது!

1939: இடைவெளியை மூடிய தூரிகை

ஹோய்னிங்கன்-ஹூனேயிடம் தொழில் கற்ற ஹோர்ஸ்ட், 1939 ஆகஸ்டில் பாரிஸ் வோக் படப்பிடிப்பகத்தில் எடுத்த படம் 'மேன்போஷே கோர்செட்'. ஒரு பெண் பின்புறம் காட்டி அமர்ந்திருக்கிறாள். முதுகில் கட்டிய கோர்செட்டின் நாடா அவிழ்ந்து மேடைமேல் வழிகிறது. முப்பது ஆண்டுகளாக வழக்கொழிந்துகொண்டிருந்த கோர்செட் பாரிஸில் மீண்டும் தலைகாட்டிய பருவம் அது. படத்தை முடித்த அன்றிரவே ஹோர்ஸ்ட் பாரிஸை விட்டுக் கப்பலேறப் புறப்பட்டார். சில நாட்களில் போர் மூண்டது. வியோனேயின் தையலகமும் அதே ஆண்டில் மூடப்பட்டது.

அசல் படத்தில் ஒரு பக்கம் கோர்செட் உடம்பிலிருந்து சற்று விலகி நிற்கிறது. கச்சுக்கும் முதுகுக்கும் இடையே சிறிய இடைவெளி. செப்டம்பரில் வோக் இதழில் அச்சானபோது ரீடச்சிங் மூலம் அந்த இடைவெளி மூடப்பட்டு, கச்சு உடம்போடு ஒட்டியதாக மாற்றப்பட்டிருந்தது. இறுக்குவதற்கென்றே செய்த கச்சு, இறுக்கும் வேலையை முழுதாகச் செய்யவில்லை. மிச்சத்தைத் தூரிகை செய்தது. இன்று கணினியில் இடுப்பை ஒடுக்குவதைப் பற்றி எழும் வாதங்களுக்கு இந்தப் படம் ஒரு நல்ல முன்சான்று. ஆனால் இதை ஹோர்ஸ்டின் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை. விலகி நிற்கும் கோர்செட்டோடு கூடிய படமே இரண்டில் மேலானது.

டியோர்: பெயர் வைத்து விற்ற கோடு

1947 பிப்ரவரி 12 அன்று கிறிஸ்டியன் டியோர் தன் முதல் உடைத் தொகுதியை மோந்தேன் அவென்யூவில் காட்டினார். அவர் அதற்கு வைத்த பெயர்கள் 'பூவிதழ் வட்டம்', 'எட்டு' என்ற இரண்டு கோடுகள். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' ஆசிரியர் கார்மெல் ஸ்னோ சொன்ன 'நியூ லுக்' என்ற பெயரே நிலைத்தது. சாய்ந்த தோள், ஒடுங்கிய இடை, விரிந்த நீண்ட பாவாடை. இந்தக் கோட்டைத் தாங்கியவை பல: உள்ளே கட்டிய கோர்செட், இடுப்பில் வைத்த பஞ்சுத் திண்டு, துணியை விறைப்பாக்கும் லைனிங், அளவில்லாத துணி. பணம் போட்ட மார்செல் பூசாக் ஒரு துணி ஆலை அதிபர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. பிரிட்டனில் 1949 வரை துணிக்குப் பங்கீட்டு அட்டை இருந்தது. அரசே இந்த நீண்ட பாவாடையை வெளிப்படையாக எதிர்த்தது. அமெரிக்காவின் டாலஸ் நகரில் பெண்கள் 'முழங்காலுக்குச் சற்றுக் கீழே மன்றம்' என்று சங்கம் அமைத்தார்கள். பாரிஸின் லெபிக் தெருவில் டியோர் உடையோடு படமெடுக்க வந்தபோது, அங்கே பொருள் வாங்க வந்திருந்த பெண்கள் அந்த உடைகளைப் பிடித்துக் கிழித்தார்கள். அந்தக் கைகலப்பின் ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. நியூ லுக் பற்றிய நூல்கள் பலவும் அவற்றை ஒரு வேடிக்கையாகவே தருகின்றன. பால் வாங்க வரிசையில் நின்ற காலத்தில் ஒரு பாவாடைக்கு அவ்வளவு துணி என்பது வேடிக்கை அல்ல.

டியோரின் 'பார்' உடையைக் காட்ட எல்லோரும் எடுத்துப் போடும் படம், சென் ஆற்றங்கரையில் வில்லி மேவால்ட் எடுத்தது. வெளிர் நிறச் சட்டை, கறுப்பு மடிப்புப் பாவாடை, அகன்ற தொப்பி. பல இடங்களில் அதன்கீழ் 1947 என்று போட்டிருப்பார்கள். உடைதான் 1947. படம் 1955இல் எடுக்கப்பட்டது. போர்முடிந்த பாரிஸின் அடையாளமாக நாம் பார்ப்பது எட்டு ஆண்டுகள் கழித்துச் சாவகாசமாக அமைத்த காட்சியை.

டியோர் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கோட்டைப் பெயரிட்டு அறிவித்தார். 1954 இலையுதிர் காலத்தில் 'எச்' கோடு, 1955 வசந்தத்தில் 'ஏ' கோடு, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 'ஒய்' கோடு. ஒற்றை எழுத்து செய்தித்தாள் தலைப்புக்கு வசதி. எழுத்தின் உருவமே உடையின் உருவம். அவருக்குப் பின் 21 வயதில் பொறுப்பேற்ற இவ் சென் லோரான் 1958 தொடக்கத்தில் காட்டிய 'சரிவக' உடைகள் தோளிலிருந்து கீழ்வரை இடையைத் தொடாமல் விரிந்தன. 'ஏ' எழுத்துக்கு டியோருடையவற்றைவிட இவையே நெருக்கம். இன்று தியாகராய நகர்க் கடைகளில் 'ஏ-லைன் குர்த்தி' என்று விற்பது பெயரில் டியோரையும் வடிவத்தில் சென் லோரானையும் தொடர்கிறது. அதற்கு உள்ளே கட்ட எதுவும் தேவையில்லை.

யானைகளும் ஒரு வெள்ளைப் பட்டையும்

1955 ஆகஸ்டில் ரிச்சர்ட் அவெடான், பாரிஸின் குளிர்கால சர்க்கஸ் அரங்கில் டோவிமா என்ற மாடலை யானைகளுக்கு நடுவே நிற்கவைத்துப் படமெடுத்தார். கறுப்பு மாலை உடை, இடையில் கட்டிய நீண்ட வெள்ளைப் பட்டை. டியோர் தையலகத்தின் பெயரில் வந்த அந்த உடையை வடிவமைத்தவர் அப்போது அங்கே உதவியாளராக இருந்த சென் லோரான்தான். கூரைக் கண்ணாடி வழியே வந்த பகல் வெளிச்சத்தில் யானைத் தோலின் சுருக்கங்கள் ஆயிரம் உடைந்த கோடுகளாகத் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே டோவிமாவின் கைகளும் உடலும் சேர்ந்து ஒரே நீண்ட வளைவு. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. ஹோகார்த் பார்த்திருந்தால் பாம்புக்கோடு என்றிருப்பார். யானையின் காலில் சங்கிலி கிடப்பதும் படத்தில் தெரிகிறது.

ஹார்ப்பர்ஸ் பஜார் அதை அந்தச் செப்டம்பரில் வெளியிட்டது. ஃபேஷன் ஒளிப்படங்களில் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்றாக அது ஆனது. ஆனால் அவெடானுக்கு அந்தப் படத்தில் கடைசிவரை நிறைவில்லை. வெள்ளைப் பட்டை நேராகக் கீழே தொங்குகிறது. அதை இடப்பக்கம் காற்றில் பறக்கவிட்டிருந்தால் படத்தின் கோடு முழுமை பெற்றிருக்கும், ஏன் அப்படிச் செய்யவில்லை என்று தனக்கே தெரியவில்லை, அந்த ஒன்றினாலேயே இது தோல்வியடைந்த படம் என்று அவர் பிற்காலத்தில் கூறினார்.